இருங்க சாமி, அடுத்த ஃபேன் வருது

கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதிப் பிழைப்பவர்களே, அதைப் பொறுத்திருக்கச் சொல்வது சுலபம், அதன் முதலாளியைப் பொறுக்கச் சொல்வதுதான் கடினம் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

கோழிக்கே இல்லாத தூக்கம்

நாமக்கல்லுக்குக் கிழக்கே ஒரு கோழிப்பண்ணையில் எனக்கு வேலை. மூடிய கொட்டகை, ஒரு பக்கம் முழுக்கப் பெரிய ஃபேன்கள். கரண்ட் போய் வந்ததும் அவற்றைத் திரும்ப ஓடவைக்க ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினேன். ஒரு ஃபேனைப் போடு, பத்து நொடி பொறு, அடுத்ததைப் போடு. அவ்வளவுதான். மோட்டார் கிளம்பும்போதுதான் கரண்டை அதிகம் இழுக்கும். எல்லாம் சேர்ந்து கிளம்பினால் மெயின் சுவிட்ச் தானாக விழுந்துவிடும்.

பொறுக்கச் சொல்லும் கட்டளைக்கு ‘ஸ்லீப்’ என்று பெயர். முதலாளி எனக்குப் பின்னால் நின்று திரையைப் படித்தார். அந்த ஒரு சொல் மட்டும் அவருக்குப் புரிந்துவிட்டது. நான் மெல்லிய குரலில் சொன்ன காரணம் அவர் காதுக்கே போகவில்லை.

“ஏனுங்க, பகல்ல கோழியே தூங்கறதில்ல. மெசினுக்கு என்னங்க தூக்கம்? எடுத்துருங்க அதை.”

பந்தி வாசல்

எடுத்தேன். சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் கரண்ட் போய் வந்தது. ஃபேன்கள் ஒன்றாக உறுமின, மெயின் விழுந்தது. கோழிகள் சிறகை விரித்து, அலகைப் பிளந்து மூச்சிரைத்தன. இன்னும் சற்று நேரம் போனால் செத்து விழத் தொடங்கும். ஓடிப்போய் எல்லா ஃபேனையும் அணைத்து, மெயினைத் தூக்கி, விட்டு விட்டு ஒவ்வொன்றாகக் கையால் போட்டேன். கோழிகள் பிழைத்தன.

இன்னொரு தடவை இப்படி ஆனால் கம்ப்யூட்டரைக் கழற்றிவிடலாம் என்றார் முதலாளி. கம்ப்யூட்டர் போனால் நானும் போகவேண்டியதுதான். கொட்டகையைக் கவனிக்கும் செல்வி அக்காதான் எனக்காகப் பேசினார்.

“பந்தின்னதும் மொத்த சனமும் ஒரே வாசல்ல நுழைஞ்சா எவனுங்க சாப்பிடறது? அந்தப் புள்ள எழுதுனாப்பல ஒண்ணொண்ணா உடுங்க.”

மரியாதை

ஸ்லீப்பைத் திரும்ப எழுதினேன். ஆனால் முதல் ஃபேனுக்குப் பிறகு சத்தமில்லை என்றால் முதலாளி மீதி ஃபேன்களின் சுவிட்சையும் சேர்த்துத் தட்டிவிடுவாரே. அதனால் ஒவ்வொரு ஸ்லீப்புக்கு முன்னும் திரையில் பெரிய எழுத்தில் ஒரு வரி வரச் செய்தேன்: ‘இருங்க சாமி, அடுத்த ஃபேன் வருது.’ நேரில் சொல்ல எனக்கு வாய் வராததை மெசின் சொல்லட்டும்.

அந்த வாரமே கரண்ட் போய் வந்தது. முதல் ஃபேன் மட்டும் சுற்ற, முதலாளி ஓடிவந்து சுவிட்சுக்குக் கை நீட்டினார். திரையைப் பார்த்தார். கை அந்தரத்திலேயே நின்றது. இரண்டாவது சுற்றியது, மூன்றாவது சுற்றியது. கடைசி ஃபேன் வேகம் பிடித்தபோதும் மெயின் அசையவில்லை. பிளந்திருந்த அலகுகள் மூடின.

“மருவாதியா இருங்கன்னு சொல்லுது. இருந்துதானுங்களே ஆகோணும்.”

மூச்சு

சென்ற மாதம் எருமப்பட்டியில் பண்ணை வைத்திருக்கும் முதலாளியின் மச்சான் வந்தார். அவருக்குக் காட்டுவதற்காகவே முதலாளி மெயினை ஒருமுறை அணைத்துப் போட்டார். ஒரு ஃபேன் ஓடியதும் மச்சான், மெசின் தூங்கிப்போச்சு என்று சுவிட்சுப் பக்கம் நகர்ந்தார். முதலாளி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் திரையைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். காது மட்டும் அங்கேதான் இருந்தது.

“கையை எடுங்க மச்சான். அது தூங்கல, மூச்சு வாங்குது. எங்க புள்ள எழுதுனதுங்க.”

கல்லூரியில் வாய் திறக்காததற்குத் திட்டு வாங்கிய நான், இங்கே சும்மா இருக்கச் சொல்லிக்கொடுத்தே சம்பளம் வாங்குகிறேன்.