வா என்று சொல்லாத வாசல்

இது நடந்த சங்கதி. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. மாரியப்பன் பொய் சொல்கிற ஆள் இல்லை. அறைக்குத் திரும்பினால் பொய் சொல்லக்கூட அவனுக்கு ஆள் இல்லை. இருபது வருசம் போர்வெல் ரிக் வண்டியில் ராடு தூக்கிய உடம்பு அது. பேய் பிசாசு என்று எவனாவது ஆரம்பித்தால், "போயி வேலையப் பாருடா" என்று எழுந்துபோகிறவன்.

அப்பன் ஆத்தா இல்லாத அவனைக் கரும்பு வெட்டிக் கஞ்சி ஊற்றி வளர்த்தவள் அக்கா சின்னாயி. அவளுக்கும் புருசன் கந்தவேலுக்கும் பிள்ளை கிடையாது. அவனுக்கு உள்ளூரில் பெண் பேசி வைத்திருந்தாள். அவனோ ரிக் வேலைக்குப் போன ராய்ப்பூரிலேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். போனில் சேதி கேட்ட அக்கா ஒரே பேச்சுதான் பேசினாள். "இனி என்ற வாசலுக்கு வந்தீன்னா, 'வா'ன்னு ஒரு சொல்லு என்ற வாயில வராது."

அந்தப் பக்கத்தில் 'வா' என்பது லேசான சொல் இல்லை. பகையாளி வந்து நின்றாலும் 'வாங்க' என்று சொல்லி, சொம்பில் தண்ணீர் கொடுத்த பிறகுதான் சண்டையே. அந்தச் சொல் இல்லையென்றால் உறவு அறுந்தது என்று அர்த்தம்.

பதினேழு வருசம் ஓடிவிட்டது. மனைவி மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள். பிள்ளை இல்லை. ஆத்தூருக்கு வந்து ஓர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கினான். ஒற்றை அறை. அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட நாதி இல்லை. சித்திரை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்தான். அக்கா ஒரே ஒரு தடவை 'வா' என்றால் போதும். அதற்கு மேல் அவன் ஒன்றும் கேட்கப்போவதில்லை.

ராசிபுரம், நாமக்கல், மோகனூர். கரும்புக் காட்டு மண்தடத்தில் வண்டி இறங்கியபோது பகல் மணி 11.52. தடத்தின் கடைசியில் தனியாக ஓட்டு வீடு. வண்டியை அணைத்தான். 11.58.

சத்தமே இல்லை. காற்று அடித்தது, சட்டை பறந்தது... ஆனால் சுற்றிலும் ஆளுயரக் கரும்பு அசையவில்லை. தோகை உரசும் சத்தம்கூட இல்லை.

வாசற்படிக்கு உள்ளே அக்கா நின்றிருந்தாள்.

"அக்கா..."

வண்டியை விட்டு இறங்கி வாசலுக்கு வந்தான்.

"நாந்தாங்க்கா. மாரி."

"தெரியுது."

அவ்வளவுதான். 'வா' வரவில்லை.

"எனக்குத்தான் தல நரச்சுப்போச்சு. நீ அப்பிடியே இருக்கறயே! வீம்புலயே வயச நிறுத்திப்போட்டயாக்கா?" சிரித்துப் பார்த்தான்.

அவள் சிரிக்கவில்லை. அவள் தலையில் ஒரு நரை இல்லை. கட்டியிருந்தது பதினேழு வருசத்துக்கு முன் அவன் எடுத்துக்கொடுத்த சேலை. சாயம்கூடப் போகவில்லை.

"மாமா எங்க?"

"இங்கதான்."

உள்ளே இருட்டில் யாரோ இருமினார்கள். ஒரு தடவை. பிறகு இல்லை.

12.06. வெயிலில் நாக்கு ஒட்டியது. "தண்ணியாவது குடுக்கா" என்றான். அவள் கையில் சொம்பு இருந்தது. எப்போது எடுத்தாள்? அவன் பார்க்கவில்லை. கையை நீட்டினான்.

அவள் சொம்பைக் கவிழ்த்தாள்.

தண்ணீர் அத்தனையும் வாசல் மண்ணில் கொட்டியது.

மண் நனையவில்லை.

அவன் அதையே பார்த்தான். படியில் கால் வைத்தான்.

"ஏறாத!"

"அக்கா..."

"ஏறாத சாமி. போயிரு."

சாமி. சின்ன வயதில் சோறூட்டும்போது கூப்பிட்ட அதே குரல். சொம்பைக் காணோம்; கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்... விட்டால் என்ன ஆகுமோ என்பதுபோல.

படியில் வைத்த காலை எடுத்தான்.

"சரிக்கா. போயிட்டு வாரேன்."

"வாரேன்னு சொல்லாத!"

அப்படி ஒரு அலறல்.

"போறேன்னு சொல்லு. சொல்லுடா!"

இழவு வீட்டில்தான் அப்படிச் சொல்வார்கள்.

"போறேன்" என்றான்.

அவள் கை நிலையிலிருந்து மெல்ல இறங்கியது.

மணி 12.11.

தார்ச்சாலை ஏறுமிடத்தில் டீக்கடை. கடைக்காரர் ஆண்டி, தண்ணீர் கொடுத்தபடி கேட்டார். "கண்ணெல்லாஞ் செவந்து கெடக்குது. ஆரூட்டுக்குங்க போயிட்டு வாரீங்க?"

"கந்தவேல் ஊட்டுக்கு. சின்னாயி எங்க அக்கா. ஒரு 'வா' சொல்லல. ஒரு வாய் தண்ணி குடுக்கல."

ஆண்டி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க... சின்னாயி செத்து ரெண்டு வருசமாச்சுங்களே. தம்பிக்குச் சொல்லோணும்னு தேடுனாங்க. போன் நம்பரு ஆருகிட்டயும் இல்ல."

மாரியப்பன் பெஞ்சில் உட்கார்ந்தான்.

"மாமா?"

"போன மாசி. 'உச்சி வெயில்ல சின்னாயி வாசல்ல நின்னு வான்னாடா ஆண்டி, தண்ணி குடுத்தா, குடிச்சேன்'னு இதே பெஞ்சுல உக்காந்து சொன்னாரு. மூணா நாளு அந்த வாசல்லயே செத்துக் கெடந்தாரு. அப்பறம் ஆடு மேய்க்கற வீரன். அப்பறம் கரும்பு வெட்ட வந்த ஒரு ஆளு. எல்லாரும் அதையேதானுங்க சொன்னாங்க. மூணே நாளு."

ஆண்டி அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"கூப்புடாம அனுப்புனது உங்க ஒருத்தரத்தானுங்க."

மாரியப்பன் ஆத்தூருக்குத் திரும்பிவிட்டான். மூட்டை தூக்குகிறான். அறையில் தனியாகத் தூங்குகிறான். மூன்று நாள் கழிந்தது, ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவனால் அறையில் இருக்க முடிவதில்லை. ஒரு ஞாயிறு ராசிபுரம் வரை போய்த் திரும்பினான். அடுத்த ஞாயிறு நாமக்கல் வரை.

போன ஞாயிறு 11.50க்கு அந்த மண்தடத்தின் முனையில் வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றானாம். ஆண்டி ஓடிப்போய் சாவியைப் பிடுங்கியிருக்கிறார். "ஏனுங்க, சாகறதுக்கா வந்தீங்க?"

"இல்லீங்க. இன்னைக்காவது சொல்லுவாளான்னு..."