கோஸ் இலையும் மல்லிகைச் சரமும்

நேற்று இந்தியக் கடையில் பால் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தால், மல்லிகைச் சரம் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வியர்த்துக்கொண்டு கிடக்கிறது. அந்த வாசனைக்கு எனக்குக் கோயிலோ கல்யாணமோ ஞாபகம் வரவில்லை. முட்டைக்கோஸ்தான் வந்தது. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

தொண்ணூற்றெட்டு வாக்கில் இங்கே அமெரிக்காவில், ஜெர்சி சிட்டியில் மெஸ் வைத்திருந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் பேங்க் கம்ப்யூட்டரையெல்லாம் மேய்த்த பிள்ளைகள், சாயங்காலம் ரயிலை விட்டு இறங்கியதும் என் ரசத்துக்கு வரிசையில் நிற்பார்கள். மெஸ் இருந்த ஜர்னல் ஸ்கொயர் பக்கம் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். இப்போது கேட்க ஆள் இல்லை, அது வேறு.

பிள்ளை பெற்ற பெண்களில், அம்மாவுக்கு விசா கிடைக்காதவர்களுக்குப் பத்தியச் சாப்பாடும் நான்தான். என் பூண்டுக் குழம்புக்குப் பால் பொங்கி வரும். தென்காசிப் பெண் ஒருத்திக்கு, பிரசவமான அன்றே அனுப்ப ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் அவள் புருஷன் வந்து நின்றான்.

"அண்ணாச்சி, நாளைலருந்து சாப்பாடு ஸ்டாப் பண்ணிடுங்க."

"ஏம்ப்பா, காரமா? என் குழம்பை எவனும் குறை சொன்னதில்லையே!"

"குழந்தை தவறிடுச்சு அண்ணாச்சி."

கையில் கரண்டி இருந்தது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

"பால் மட்டும் வந்துட்டே இருக்கு. கட்டிக்கிச்சு. ஃபீவர் வேற. தொட விட மாட்டேங்கறா."

மார்பில் மல்லிகைப் பூ வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்றாள் என் வீட்டுக்காரி. ஜனவரிப் பனியில் மல்லிகைக்கு எங்கே போவது? எனக்குத் தெரியாத சப்ளையரே இல்லை என்று பீற்றிக்கொள்பவன், தெரிந்த இடத்துக்கெல்லாம் போன் போட்டேன். ரோஜா இருக்கிறது என்றார்கள்.

பிரசவமான வீடுகளுக்குப் போய்ப் பார்க்கும் சுகாதார நர்ஸ் ஒருத்தி உண்டு. அவள் வந்து, குளிர்ந்த கோஸ் இலையை மார்பில் வைக்கச் சொன்னாளாம். கோஸா! மெஸ்ஸில் மலையாய்க் கிடந்தது. இலை கிழியாமல் உரித்து, நடுத்தண்டைத் தட்டி, ஃபிரிட்ஜில் வைத்து, குழம்பு போன அதே டிபன் பாக்ஸில் தினம் காலையில் கொடுத்துவிட்டேன்.

ஒரு வாரம் இருக்கும். அந்தத் தென்காசிப் பெண்ணே போன் பண்ணினாள். அதுவரை அவள் குரலை நான் கேட்டதில்லை.

"அண்ணாச்சி, நாளைக்கு அனுப்ப வேணாம். பால் நின்னுருச்சு."

"காய்ச்சல்?"

"அதும் இல்ல."

"சரிம்மா" என்றேன். மறுநாளைக்கென்று உரித்து வைத்திருந்த இலைகளை அரிந்து பொரியல் போட்டேன். நன்றாக இருக்கிறதென்று பையன்கள் இரண்டாம் தடவை வாங்கினார்கள்.

மெஸ் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அந்தப் பெண்ணும் புருஷனும் டெக்சாஸ் பக்கம் போய்விட்டார்கள். வீட்டுப் படியேறி வரும் நர்ஸைக் கண்டும் நாளாயிற்று. மல்லிகை மட்டும் விமானத்தில் வந்து சேர்ந்திருக்கிறது. பாலுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள்.