சம்சாரத்துக்கு எழுதிய ஊசி

சிங்காநல்லூரில் லேத்துப் பட்டறை வைத்திருந்த மயில்சாமிக்குக் கௌரவம் என்பது அவருடைய வெள்ளை வேட்டிதான். அது மடிப்புக் கலையாமல் இருந்தால் போதும், உள்ளே என்ன நாறினாலும் கவலையில்லை. தொண்ணூற்றேழில் வெளியூர் போன இடத்தில் வாங்கி வந்த வெட்டை நோயைக்கூட 'உடம்புச் சூடு' என்றுதான் சொல்லிக்கொண்டார். இளநீர் குடித்தார், எண்ணெய் தேய்த்துக் குளித்தார். சீழ் நிற்கவில்லை. தெரிந்தவர் கண்ணில் படாமல் அன்னூர் வரை பஸ் ஏறிப் போய், "நம்ம டிரைவருக்குங்க" என்று சொல்லி சிப்ரோ மாத்திரை வாங்கினார். எரிச்சல் குறைந்ததும் மிச்சத்தைத் தூக்கி எறிந்தார். இல்லாத அந்த டிரைவருக்கு ஒரே வருஷத்தில் நான்கு தடவை வியாதி வந்தது.

ஐந்தாவது தடவை அந்த மாத்திரைக்கு நோய் கேட்கவில்லை. வேறு வழியில்லாமல் டாக்டர் அப்துல் முத்தலிப்பிடம் போனார். அவர் சீழை லேபுக்கு அனுப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"பெனிசிலின், டெட்ராசைக்ளின் எல்லாம் எப்பவோ கேக்காம போச்சுங்க. இப்ப சிப்ரோவும் போச்சு. செஃப்ட்ரியாக்ஸோன் ஊசிதான் பாக்கி. உங்களுக்கு ஒண்ணு, சம்சாரத்துக்கு ஒண்ணு எழுதியிருக்கறேன். நாளைக்கே அவுங்களக் கூட்டிட்டு வாங்க. அவுங்களுக்கும் தொத்தியிருக்கும், அப்படியே உட்டா கர்ப்பப்பைக் குழாய் அடைச்சுப்போடும்."

மனைவி ராமாத்தாளுக்கு இருந்தது ஒரே ஆசை, ஒரு பிள்ளை. கல்யாணமாகி மூன்று வருஷம். சொந்தக்காரர்கள் மலடி என்று பேசியபோதெல்லாம் மயில்சாமி வாயைத் திறந்ததில்லை. இப்போது ஊசி என்றால் ஏன் என்று கேட்பாளே! மறுநாள் அவளுடைய ஊசியை ஒரு கம்பவுண்டரிடம் கொண்டுபோய்த் தன் இடுப்பிலேயே போட்டுக்கொண்டார். இரண்டும் சேர்ந்தால் வீரியம் கூடுமாம். என்ன மூளை!

இரண்டு மாதத்தில் அவருக்குப் பழையபடி சீழ் வந்தது. ராமாத்தாள் காய்ச்சலும் அடிவயிற்று வலியுமாகச் சுருண்டு விழுந்தாள். இருவரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்தார்கள்.

"ஏனுங்க டாக்டர், உங்க ஊசியும் கேக்கலீங்களே?" என்று மயில்சாமி கோபப்பட்டார்.

"ஊசி கேட்டுச்சுங்க. நோய் திரும்ப உங்க ஊட்டுலிருந்தேதான் வந்துருக்குது. அம்மணிக்கு எழுதுன ஊசி என்னாச்சு?"

மயில்சாமி மென்று முழுங்கி உண்மையைச் சொன்னார். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். ஸ்கேனில் இரண்டு குழாயும் சீழ் பிடித்துக் கெட்டிருந்தன. மருந்தில் வலி போகும், பிள்ளை உண்டாவது கஷ்டம் என்றார்.

"வெளிய யாருக்கும் சொல்லிப்போடாத கண்ணு" என்று மயில்சாமி கிசுகிசுத்தார்.

ராமாத்தாள் எழுந்து கதவை அகலமாகத் திறந்தாள். காத்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

"எனக்கு எழுதுன ஊசிய நீங்களே போட்டுக்கிட்டீங்க. எனக்குப் பொறக்க வேண்டிய புள்ளையையும் நீங்களே பெத்துக்குவீங்களாங்க?"