டப்பாவில் இல்லாத கதவு

மூடியில் மயில் படம் போட்ட வட்ட பிஸ்கட் டப்பா அது. ஜெயங்கொண்டத்துத் தியேட்டர் ஒன்றின் ஆபரேட்டர், மேட்னிக்காக வெட்டிய பிலிம் துண்டுகளை அதில்தான் சுருட்டி வைப்பார். ஒரு பாட்டை எடுத்தால்தான் மீன்சுருட்டி ஊர்க்காரர்கள் மாலை பஸ்ஸைப் பிடிக்க முடியும். படப்பெட்டி திரும்பிப் போகுமுன் எல்லாவற்றையும் பழையபடி ஒட்டிவிடுவார். ஊருக்கே தெரிந்த வழக்கம். யாரும் குறை சொன்னதில்லை.

அப்போது நான் அரியலூரில் நிருபர். சினிமா விமர்சனமும் என் தலையில்தான். மாடியில் அவருடைய மெஷின் அறையிலிருந்தே படம் பார்ப்பேன். அவர் திரையைவிட, சின்ன ஜன்னல் வழியாக ஜனங்களின் முதுகைத்தான் அதிகம் பார்ப்பார். "முதுகு சாஞ்சா படம் படுத்துரும் சார்" என்பார்.

ஒரு வாரம், போட்டிபோடும் இரண்டு மேஜிக்காரர்களைப் பற்றிய படம் வந்தது. ஒருவன் மற்றவனை மேடைக்கடியில் குழியில் இறக்கி, நாலு பக்கமும் செங்கல் வைத்துப் பூசி மேலே மூடுகிறான். கேமரா நாலு சுவரையும் நிதானமாகச் சுற்றிக் காட்டியது. கடைசிக் காட்சியில் செத்தவன் சிரித்துக்கொண்டு வருகிறான். குழியில் கதவு இருந்ததாம். விளக்கம் அவ்வளவுதான்.

அதுவரை ஒரு முதுகும் சாயவில்லை. அத்தனை நம்பிக்கையோடு பார்த்தவர்கள் விளக்கு எரிந்ததும் படியேறி வந்தார்கள்.

"யோவ் ஆபரேட்டரு, கதவக் கொண்டாய்யா!"

"பாட்ட வெட்டு, வேணாங்கல. கதவப் போயி வெட்டுவியா?"

கைக்குழந்தையோடு வந்த மீன்சுருட்டிப் பெண் ஒருத்தி கெஞ்சினாள்: "பஸ்ஸு போனாப் போவுதுண்ணே. அந்த எடத்த மட்டும் ஒருவாட்டி போட்டுக் காட்டுங்க."

அவர் டப்பாவைத் திறந்து எல்லோர் முகத்துக்கும் நேராகக் காட்டினார். காலி. "இந்தப் படத்துல ஒரு அடிகூடக் கை வைக்கலங்க."

"வூட்டுல வச்சிருப்பான்" என்றது ஒரு குரல்.

முதலாளியும் அதையேதான் நம்பினார். "இவ்ளோ செலவு பண்ணி எடுத்தவனுக்கு ஒரு கதவு காட்டத் தெரியாதா? நாளைலேர்ந்து வராத." கூடவே இருந்தேன், அவர் வெட்டவில்லை என்றேன். "நீங்க அவன் சிநேகிதம் சார்" என்று முடித்துவிட்டார்.

ஆனால் பத்திரிகையில் நான் எழுதியது, 'யாரும் எதிர்பாராத முடிவு'. எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள். இல்லாத கதவை யார் எதிர்பார்ப்பார்கள்? நல்ல திருப்பம், நாம் ஏற்கெனவே பார்த்ததையே வேறாகப் பார்க்க வைக்கும். இந்தப் படமோ நாம் பார்த்ததையே பொய் என்றது. பார்த்தவர்களோ படம் எடுத்தவரைச் சந்தேகிக்கவில்லை. மேலே மெஷின் ஓட்டியவரைச் சந்தேகித்தார்கள். ஒருவருடைய சோற்றில் மண் விழுந்தது. அந்த இயக்குநர் பேட்டியில், ரசிகர்கள் கவனமாகப் பார்க்கப் பழக வேண்டும் என்றார். இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

போன மாதம் அதே படம் போனில் வந்தது. வெட்டில்லாத முழுப்படம், அறிவாளிகளுக்கானது என்ற பாராட்டு வேறு. குழிக் காட்சியை நிறுத்தி நிறுத்தி மூன்று தடவை பார்த்தேன். கதவு இல்லை. சிறுவாச்சூரில், கோயிலுக்குப் போகிற வழியில் டீக்கடை வைத்திருக்கும் ஆபரேட்டரிடம் எடுத்துப்போனேன். பாய்லர் பக்கத்தில் நின்றபடியே பார்த்தார்.

"நாலு செவுரு. அன்னிக்கு ஓட்டுனதுதான்" என்றார். போனைத் திருப்பிக் கொடுத்தபடி, "அந்தக் கைக்கொழந்தக்காரம்மா, மீன்சுருட்டில யாரு வூடுன்னு தெரியுமா சார்? அந்த எடத்த ஒருவாட்டி போட்டுக் காட்டிரலாம்."

எனக்குத் தெரியவில்லை.

மயில் பாதி அழிந்த அந்த டப்பாவைத் திறந்து, டீக்குக் காத்திருந்தவருக்கு இரண்டு பிஸ்கட் எடுத்துக் கொடுத்தார். பிறகு, அன்று எல்லோருக்கும் காட்டியது போலவே, மூடாமல் என் பக்கம் திருப்பி வைத்தார்.