ஆறுக்கு நாலு: அரியாலையிலிருந்து அச்சுவேலிக்கு ஒரு கோபப் பயணம்

சென்ற செவ்வாய் பின்னேரம் அண்ணையிடமிருந்து தொலைபேசி வந்தது. "செருப்புக்குள்ளை கால் போகுதில்லை பிள்ளை" என்றார், ஏதோ செருப்பில்தான் பிழை என்பதுபோல. அவர் இருதய நோயாளி. மூன்று மாதத்துக்கு முன் ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது டொக்டர் சொன்னது ஒன்றுதான்: உப்பைக் குறையுங்கள், கால் வீங்கினால் திரும்பவும் ஆஸ்பத்திரி வோட்டில் படுக்கைதான். அண்ணை அச்சுவேலியில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர். நான் இருப்பது அரியாலையில். அடுத்த நாள் காலையே புறப்பட்டேன்.

நான் போன கதையைச் சொல்ல முதல் ஒரு விளக்கம். நம் நாட்டில் பைக்கற் உணவுகளின் முன்பக்கத்தில் சீனி, உப்பு, கொழுப்பு என்று வட்டங்கள் இருக்கும். சிவப்பென்றால் கூடுதல், மஞ்சள் நடுத்தரம், பச்சை குறைவு. முப்பத்தொரு வருடம் விடைத்தாள் திருத்திய கை சும்மா இருக்குமா? பச்சைக்கு இரண்டு புள்ளி, மஞ்சளுக்கு ஒன்று, சிவப்புக்குப் பூச்சியம், ஆறுக்கு நாலு எடுத்தால் வாங்கலாம் என்று ஓர் அட்டையில் எழுதி, அண்ணையின் அலுமாரிக் கதவில் ஒட்டிவிட்டு வந்திருந்தேன். அப்போது எனக்கு அதில் நல்ல பெருமை.

காலை 7.10க்கு பஸ். யாழ்ப்பாண பஸ் நிலையம் நாலு கிலோமீற்றர், நாற்பது ரூபா. அங்கிருந்து 7.45க்குச் சுன்னாகம் பஸ், பத்துக் கிலோமீற்றர், எண்பது ரூபா. இருக்கை கிடைக்கவில்லை. 8.25க்கு இறங்கிச் சந்தைக்குள் போய் புடலங்காய், முருங்கையிலை, ஒரு கிலோ சின்ன வெங்காயம், தேசிக்காய் வாங்கினேன். இவற்றில் வட்டமும் இல்லை, படித்துப் பார்க்க எழுத்தும் இல்லை. தேசிக்காய்ப் புளி விட்டால் உப்புக் குறைந்தது நாக்குக்கு அவ்வளவாகத் தெரியாது.

பிறகு பக்கத்தில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறியதிலிருந்து அண்ணை மச்சம் தொடுவதில்லை. மீனுக்குப் பதிலாகச் சோயா மீற் சாப்பிடுவார் என்று தெரியும். தட்டில் அடுக்கியிருந்த சோயா பைக்கற் ஒவ்வொன்றிலும் விலைச் சீட்டு உப்பு வட்டத்தின் மேலேயே ஒட்டியிருந்தது. ஒன்றை நகத்தால் உரித்தேன். சிவப்பு. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"தம்பி, விலையை ஒட்ட உங்களுக்கு இந்த இடந்தானோ கிடைச்சது?"

கடைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். என் முகத்தைப் பார்த்தே தொழிலைக் கண்டுபிடித்துவிட்டார். "சும்மா ஒட்டினதுதான் ரீச்சர். விலையைத்தானே சனம் பாக்குது. உந்த வட்டத்தை ஆர் பாக்கினம்?"

"என்ரை அண்ணை பாக்கிறவர். நீங்கள் மூடிவைச்சதாலைதான் அவருக்குக் கால் வீங்கிக் கிடக்கு."

"அவர் இஞ்சையோ வாங்கிறவர்?"

அது எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லும் நிலையிலும் நான் இருக்கவில்லை. உரித்த சீட்டை அவர் மேசையில் ஒட்டிவிட்டு வெளியே வந்தேன்.

அச்சுவேலிக்கு பஸ் பிடிக்கப் பொறுமையில்லாமல் ஓட்டோ எடுத்தேன். ஏறக்குறைய பத்துக் கிலோமீற்றர், ஆயிரத்து இருநூறு ரூபா. வழியெல்லாம் ஓட்டுநரிடம் அந்தக் கடையைத் திட்டிக்கொண்டே போனேன். கடைசியில் அவர் சொன்னார்: "அம்மா, முறைப்பாட்டை இறங்கிற இடத்திலை எழுதுங்கோ. என்ரை காது இனிக் கொள்ளாது."

9.35க்கு அண்ணை கதிரையில் காலை நீட்டியபடி இருந்தார். கணுக்காலில் விரலால் அமர்த்தினேன். குழி விழுந்தது, எடுத்த பிறகும் அப்படியே நின்றது.

அலுமாரியைத் திறந்தேன். சோயா மீற் ஐந்து பைக்கற், சூப் தூள் நாலு. எல்லாம் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் வாங்கியவை. விலைச் சீட்டு ஒன்றிலும் இல்லை. மூன்று வட்டமும் பளிச்சென்று தெரிந்தன: சீனி பச்சை, கொழுப்பு பச்சை, உப்பு சிவப்பு. ஒவ்வொன்றின் மூலையிலும் அண்ணை சிவப்புப் பேனையால் அழகாக 4/6 என்று போட்டு, சரியும் போட்டிருந்தார்.

"இதை ஒவ்வொரு நாளும் சாப்பிட்டனீங்களோ?"

"ஓம். நாலு எடுத்தால் பாஸ் எண்டு நீதானே எழுதி ஒட்டினனி. சோத்துக்குக்கூட உப்புப் போடேல்லை."

சுன்னாகத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்த கோபம் எங்கே போவது? கணக்கிலும் தமிழிலும் நூறு எடுத்த பிள்ளை விஞ்ஞானத்தில் பூச்சியம் எடுத்தால், மொத்தத்தைப் பார்த்து டொக்டராக்குவோமா? ஒரு வாழ்நாள் முழுக்க வகுப்பில் இதைச் சொன்னவள், என் அண்ணையின் உயிர் விஷயத்தில் மொத்தத்தைக் கூட்டியிருக்கிறேன். அட்டையைக் கிழித்தேன். ஒட்டியிருந்த பசையோடு கதவின் பெயின்ற்றும் வந்தது.

"அப்ப நான் ஃபெயிலோ?" என்றார் அண்ணை.

"நீங்கள் நான் எழுதினதைத்தான் செய்தனீங்கள். பேப்பர் திருத்தினவள்தான் ஃபெயில்."

நல்லவேளை, ஓட்டோக்காரர் ஒழுங்கை முகப்பில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றார். அண்ணையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மாத்திரையைக் கூட்டித் தந்தார்கள். ஒரு கிழமை பார்ப்போம், மூச்சு வாங்கினால் உடனே வரச் சொன்னார்கள். வோட்டில் மறிக்கவில்லை. அன்று மத்தியானம் புடலங்காய்க் கறியும் முருங்கையிலை வறையும் சமைத்தேன். தேசிக்காய்ப் புளி தாராளம். அண்ணை இரண்டாந்தரம் சோறு கேட்டார்.

நோயாளிக்குச் சாமான் வாங்கப் போகிறவர்களுக்கு: வட்டங்களைக் கூட்டாதீர்கள். உங்கள் ஆளுக்கு எது ஆகாது என்று டொக்டர் சொன்னாரோ அந்த ஒரு வட்டத்தை மட்டும் பாருங்கள். அது சிவப்பென்றால் மற்றது எல்லாம் பச்சையாக இருந்தாலும் கடைத் தட்டிலேயே திருப்பி வையுங்கள். சைவச் சாப்பாடு என்பதற்காக உப்புக் குறைந்துவிடாது. விலைச் சீட்டு வட்டத்தை மூடியிருந்தால் உரித்துப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். காலையில் போனால் சந்தையில் மரக்கறி புதிதாகக் கிடைக்கும். சுன்னாகத்துக்கும் அச்சுவேலிக்கும் இடையில் ஓட்டோவில் ஏற முதலே விலை பேசிக்கொள்ளுங்கள்.

இப்போது அலுமாரிக் கதவில் பெயின்ற் போன இடத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறேன்: உப்புச் சிவப்பென்றால் வேண்டாம். புள்ளி எதுவும் போடவில்லை.