நெடுந்தீவுப் படகில் அம்மாவின் பாதி

குறிகட்டுவான் இறங்குதுறை கண்ணிலிருந்து மறைந்ததும் கடல் கொந்தளிக்கத் தொடங்குகிறது. படகின் நடுவில் ஒரு சவப்பெட்டி. நெடுந்தீவில் அடக்கம் செய்யக் கொண்டுபோகிறார்கள். பிள்ளைகளும் மருமக்களும் பேரப்பிள்ளைகளும் சுற்றியிருந்து, பெட்டி நழுவாமல் முழங்கால்களால் முட்டுக்கொடுக்கிறார்கள். அப்படியும் ஒவ்வொரு அலைக்கும் அது என் பக்கம் வருகிறது. எனக்கு நீச்சல் தெரியாது.

எஞ்சின் ஒருமுறை விக்கி நின்று, பிறகு எடுக்கிறது. எல்லாருடைய கையிலும் செபமாலை இருக்கிறது. ஆனால் ஒரு வாயும் அசையவில்லை. அதைப் பார்க்க எனக்குப் பயம் இன்னும் கூடுகிறது.

என் பக்கத்தில் இருக்கும், இறந்தவரின் மூத்த மகளிடம் கேட்கிறேன். "ஏனக்கா ஒருத்தரும் செபம் சொல்லேல்லை?"

"அம்மாதான் தம்பி எப்பவும் தொடங்கிறவ. ஒவ்வொரு செபத்திலையும் முன்பாதி அவ சொல்லுவா, பின்பாதி நாங்கள். அப்பா கடலோடை போன நாள் தொடக்கம் இந்தக் கடலிலை எங்களைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தது அவதான். எங்களுக்குத் தொடங்கத் தெரியாது."

படகு ஒரு பக்கம் சரிகிறது. உப்புத் தண்ணீர் எங்கள் மடியில் கொட்டுகிறது. யாரோ "மாதாவே!" என்று கத்துகிறார்கள். அக்கா குனிந்து பெட்டியின் மூடியைத் தட்டுகிறார்.

"அம்மா, தொடங்கணை."

எஞ்சின் சத்தம் மட்டும் கேட்கிறது. முன்பாதி சொல்லி முடிகிற அளவு நேரம் எல்லாரும் காத்திருக்கிறார்கள். பிறகு ஒரே குரலில் பின்பாதி எழுகிறது. திரும்பவும் மௌனம், திரும்பவும் பின்பாதி.

நான் சைவக்காரன், இந்தச் செபம் எனக்குத் தெரியாது. கரை இன்னும் தெரியவில்லை. நான் இருக்கும் கதிரையின் விளிம்பைப் பிடித்தபடி, அம்மா தன் பாதியைச் சொல்லி முடிக்கட்டும் என்று நானும் காத்திருக்கிறேன்.