கிளி கொத்திய நீலப் புடவை

எனக்கு எழுத வராது என்று இதைப் பல வருஷம் தள்ளிப்போட்டேன். இன்று வேளாங்கண்ணிக்குப் பை கட்டும்போது, பெட்டியின் அடியில் அம்மாவின் நீலப் புடவை கிடைத்தது. முந்தானை முழுக்கக் கிளி கொத்திய ஓட்டைகள்.

நான் பள்ளிக்கூடம் போன காலம்; ராயபுரத்தில் ஒண்டுக்குடித்தனம். எங்கள் கிளி ரோசி, அம்மா கையைத் தவிர யார் கையிலும் தின்னாது. தம்பி காய்ச்சலில் பிழைத்ததற்கு, பரீட்சை லீவில் வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ச்சை செலுத்தப் போகவேண்டும். "ரோசி பட்டினில செத்துடும், நான் வர்ல" என்று அம்மா அழுதாள்.

பக்கத்துப் போர்ஷன் நூர்ஜகான் அக்கா சிரித்தாள். "இன்னாத்துக்கு பேஜாராவுற? நீ தெனம் கட்ற பொடவைய குட்த்துட்டு போ. நான் கட்டிகினு தீனி போடறேன்."

நாங்கள் திரும்பி வந்தபோது அக்கா அம்மாவின் நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோளில் ரோசி, அலகில் கொய்யாத் துண்டு, முந்தானை முழுக்க அது கொத்திய ஓட்டைகள்.

"வூடு மாறி பூந்துட்டேன்னு நென்ச்சு ரெண்டு தபா வெளிய ஓடிட்டேன்மா" என்றார் அவள் வீட்டுக்காரர்.

அம்மா அந்த ஓட்டைகளைத் தைக்கவேயில்லை. ஜெபமாலை சொல்லும்போதெல்லாம் அக்காவுக்காகவும் வேண்டிக்கொண்டாள். நானும் வேண்டுகிறேன்.

வாசிப்பவர்கள் இதைக் கூட்டாமல் குறைக்காமல் நாலு பேருக்குச் சொல்லுங்கள். நூர்ஜகான் அக்காவின் பேரை மட்டும் விட்டுவிடாதீர்கள்.